இன்ஸ்ட்ரக்டர் சரியில்லை என்றால் பைலட் மாணவர்கள் செய்யும் தவறுகள்

விமானத்தை ஓட்டுவதில் மாணவர் செய்யும் தவறைத் திருத்தப் பக்கத்து இருக்கையில் ஆள் உண்டு. அந்த ஆளே சரியில்லாதபோது என்ன செய்வது என்பதை எந்தப் பயிற்சிப் பள்ளியும் பாடமாக நடத்துவதில்லை. அதனால் ஒவ்வொரு பேட்சிலும் அதே தவறுகள் திரும்ப வருகின்றன. நேரத்துக்குப் போக வேண்டும், படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடலாம்.

திட்டுகிறவர் எல்லாரையும் மோசமானவர் என்று நினைப்பது

குரலை உயர்த்துகிறவரிடம் நன்றாகக் கற்றவர்கள் உண்டு. சிரித்துப் பேசியே நாற்பது மணி நேரத்தை வீணாக்குகிறவர்களும் உண்டு. பார்க்க வேண்டியது குரலை அல்ல, பறப்பதற்கு முன்னும் பின்னும் நடக்கும் பேச்சை. இன்றைய பயிற்சி என்ன, எந்த வேகம், எந்த உயரம் என்று பிரீஃபிங்கில் சொல்கிறாரா? இறங்கியபின் ‘இது தவறு, இதனால் தவறு, நாளை இப்படிச் செய்’ என்று டீபிரீஃபிங்கில் சொல்கிறாரா? இரண்டும் இல்லாமல் நேராக விமானத்துக்குப் போய், இறங்கியதும் லாக்புக்கில் (பறந்த நேரத்தைப் பதியும் நோட்டில்) கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவரிடம் எவ்வளவு பறந்தாலும் மணிக்கணக்குதான் ஏறும்.

‘இன்னும் ரெண்டு சார்ட்டி, சரியாயிடும்’ என்று காத்திருப்பது

சார்ட்டி என்பது ஒரு முறை பறந்துவிட்டு வருவது. எல்லாவற்றிலும் அதிகப் பணத்தைத் தின்னும் தவறு இதுதான். எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வருகிறவர்கள் இதையே செய்வதைப் பார்க்கும்போது எரிச்சல் அடங்குவதில்லை.

முப்பது மணி நேரத்தைத் தாண்டியும் முதல் சோலோ (இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது) போகாத மாணவரின் லாக்புக்கைப் புரட்டிப் பாருங்கள். ‘சர்க்யூட் அண்ட் லேண்டிங்’ (ரன்வேயைச் சுற்றி வந்து இறங்கும் பயிற்சி) என்ற ஒரே வரி பக்கம் பக்கமாக ஓடும். மாணவரைக் கேட்டால், ‘லேண்டிங் இன்னும் செட் ஆகலை’ என்பார். எந்த இடத்தில் செட் ஆகவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

பெரும்பாலும் நடப்பது இது. செஸ்னா 172 என்ற சிறிய விமானம் ஃபைனலில், ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், வருகிறது. முழு ஃபிளாப், அதாவது இறக்கையின் பின்பக்கத் தகடுகள் முழுக்க இறங்கியிருக்கின்றன. வேகம் 65 நாட் பக்கம் இருக்க வேண்டும், முள் 75-ல் நிற்கிறது. இன்ஸ்ட்ரக்டர் ‘ஸ்பீட்! ஸ்பீட்!’ என்று கத்துகிறார். மாணவர் விமானத்தின் மூக்கைத் தூக்குகிறார், வேகம் குறைகிறது, கை தளர்ந்ததும் மூக்கு மறுபடி இறங்குகிறது. ரன்வேக்கு மேலே விமானம் மிதந்துகொண்டே போகிறது. அடுத்த சர்க்யூட்டிலும் அதே கத்தல், அதே 75.

குறை ஃபைனலில் இல்லை. டௌன்விண்டில் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் கட்டத்தில்) பவரைக் குறைத்து ஃபிளாப் இறக்கியபோது ட்ரிம் (கையை விட்டாலும் மூக்கு அதே நிலையில் நிற்கச் செய்யும் சரிக்கட்டல்) வைக்கவில்லை. அதனால் ஃபைனல் முழுக்க யோக்கோடு (விமானத்தின் ஸ்டீயரிங்கோடு) மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நல்ல இன்ஸ்ட்ரக்டர் அடுத்த சர்க்யூட்டில் லேண்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். டௌன்விண்டிலேயே, ‘ரெண்டு விரல்ல மட்டும் யோக்கைப் பிடி, கையை விட்டாலும் வேகம் மாறாத வரைக்கும் ட்ரிம் பண்ணு’ என்பார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, தவறு பிறந்த இடத்தைத் தேடிப் போகிறாரா: இன்ஸ்ட்ரக்டரை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இன்னொன்று இதைவிட மோசமானது, வெளியே தெரியாது. இரண்டு யோக்கும் உள்ளே இணைக்கப்பட்டவை. ஃபிளேர் நேரத்தில், அதாவது தரையைத் தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்கும்போது, உங்கள் யோக் நீங்கள் இழுப்பதற்கு அரை நொடி முன்பே தானாகப் பின்னால் வருகிறதா? விமானத்தின் திசையைச் சரிசெய்யும் ரடர் பெடல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தும் விமானம் நடுக்கோட்டிலேயே ஓடுகிறதா? அப்படியென்றால் இறக்கியது நீங்கள் இல்லை. பயத்தினாலோ அவசரத்தினாலோ சொல்லாமல் கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டே வரும் இன்ஸ்ட்ரக்டரிடம் நூறு லேண்டிங் செய்தாலும் உங்கள் கைக்கு ஒன்றும் சேராது. யார் ஓட்டுகிறார்கள் என்ற குழப்பம் விபத்துக்கும் வழி. ‘ஐ ஹேவ் கண்ட்ரோல்’, ‘யூ ஹேவ் கண்ட்ரோல்’ என்று இருவரும் சொல்லி, முதலில் சொன்னவர் அதை மறுபடி உறுதிசெய்யும் பழக்கம் அதற்காகத்தான் வந்தது.

இதைத் தரையிலேயே, மரியாதையாகக் கேட்டுவிடலாம். ‘சார், இன்னைக்கு மூணு சர்க்யூட்ல நீங்க கண்ட்ரோலைத் தொடும்போது வாய்விட்டுச் சொல்லுங்க. நான் எங்க விடறேன்னு எனக்குத் தெரியணும்.’ நல்லவர் என்றால் மகிழ்ச்சியோடு செய்வார். செய்ய மறுத்தால் அதுவும் உங்களுக்குக் கிடைத்த தகவல்.

ஒவ்வொரு சார்ட்டிக்கும் ஐந்து வரி எழுதி வையுங்கள்: தேதி, என்ன பயிற்சி, எத்தனை லேண்டிங், அதில் எத்தனையில் அவர் கை வைத்தார், என்ன குறை சொன்னார். தொடர்ந்து மூன்று சார்ட்டியில் அதே குறை வந்து, அதைத் திருத்தப் புதிய வழி எதுவும் சொல்லப்படவில்லை என்றால் நான்காவதுக்குக் காத்திருக்க வேண்டாம். சீஃப் இன்ஸ்ட்ரக்டரிடம் போய், ‘வேறொரு இன்ஸ்ட்ரக்டரோட ஒரு ப்ராக்ரஸ் செக் வேணும் சார்’ என்று கேளுங்கள். ஆளை மாற்றுங்கள் என்று கேட்டால் அது புகார். செக், அதாவது கற்றதைச் சோதிக்கும் பறப்பு, வேண்டும் என்று கேட்டால் அது பயிற்சி. குறை உங்களிடமே இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி சி.பி.எல்.லுக்கு (வணிக பைலட் உரிமத்துக்கு) 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே பைலட்-இன்-கமாண்ட் (விமானத்துக்குப் பொறுப்பான பைலட்) ஆகப் பறந்ததாக இருக்க வேண்டும். மிச்சம் 100-ல்தான் ஆரம்பப் பயிற்சி, இன்ஸ்ட்ரக்டரோடு பறக்கும் டூயல் கிராஸ் கன்ட்ரி (நெடுந்தூரப் பறப்பு), கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் இன்ஸ்ட்ருமென்ட், இரவுப் பயிற்சி எல்லாம் அடங்க வேண்டும். சோலோவுக்கு முன் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த 100-ஐத்தான் அரிக்கிறது. பத்து மணி நேரம் வீண் என்றால், மணிக்கு 15,000 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம். அது போக, கடைசியில் இரவுப் பயிற்சிக்கு மணி நேரம் போதாமல் 200-ஐத் தாண்டிப் பணம் கட்ட வேண்டி வரும். வீட்டை அடமானம் வைத்து அனுப்பிய பெற்றோரிடம் அந்தப் போனைச் செய்யவேண்டியது மாணவர்தான்.

புரியாததற்குத் தலையாட்டுவது

வடக்கே பயிற்சிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அவசரத்தில் இன்ஸ்ட்ரக்டர் இந்திக்குத் தாவுகிறார், மாணவர் ‘யெஸ் சார்’ என்கிறார். ‘காக்பிட்டில் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ரேடியோ முழுக்க ஆங்கிலம்தான், கேட்பதில் தவறில்லை.

வாரத்துக்கு ஒருவரை மாற்றுவது

சோலோவுக்கு முன் ஒரு முறை மாற்றலாம். மூன்று பேரிடம் போனால் ஃபிளேரை மூன்று விதமாகக் கற்று, ஒன்றும் கையில் நிற்காது.

ஹாஸ்டலில் மட்டும் புலம்புவது

பயனில்லை.

பாதுகாப்பு விஷயத்திலும் பொறுமை காட்டுவது

செக்லிஸ்ட்டை எடுக்காமலே கிளம்புவது, எரிபொருளைக் கண்ணால் பார்க்காமல் போவது, அனுமதியில்லாமல் தாழப் பறந்து காட்டுவது, பறக்காத நேரத்தை லாக்புக்கில் எழுதச் சொல்வது. இவற்றுக்கு மூன்று சார்ட்டிக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றே சீஃப் இன்ஸ்ட்ரக்டருக்கும் பள்ளியின் சேஃப்டி மேனேஜருக்கும் எழுத்தில் போக வேண்டும். அங்கே அசைவில்லை என்றால் டி.ஜி.சி.ஏ.வுக்கு. பொய் மணி நேரம் உங்கள் பெயரில் ஏறுகிறது. 2011-ல் இந்தியாவில் போலி பைலட் உரிம விவகாரம் வெடித்தபோது, உரிமம் வாங்கியவர்களும் கைதானார்கள்.

கோபத்தில் பள்ளியை விட்டு வெளியேறுவது

ஆள் மாறியும் சரிவரவில்லை என்றால் பள்ளியை மாற்றலாம். ஆனால் வாயிற்கதவைத் தாண்டுவதற்குள் லாக்புக்கின் ஒவ்வொரு பக்கமும் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். பயிற்சிக் கோப்பின் நகல், பறந்த மணிக்கும் கட்டிய பணத்துக்குமான கணக்கு, நிலுவை இல்லை என்ற கடிதம், இவை கையில் இருக்க வேண்டும். கிளம்பியபின் ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டியவர்களுக்குத்தான் இதில் பிடி குறைவு. அதனால் சேரும்போதே தவணையாகக் கட்டும் ஏற்பாட்டையும், பணம் திருப்பித் தரும் விதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். புதுப் பள்ளியில் முதல் சார்ட்டி உங்களை மதிப்பிடும் செக் ஆகத்தான் இருக்கும். அன்று பழைய இன்ஸ்ட்ரக்டரைப் பற்றிப் பேசாமல், அந்த ஐந்து வரி நோட்டை எடுத்து நீட்டுங்கள்.