மலைச்சரிவுப் பள்ளியில் மண்ணைப் பிடித்து வைக்க: 'ஏ' சட்டம், வெட்டிவேர், பத்துக் கம்பி

மழை விட்டதும் பள்ளி முற்றத்தில் செம்மண் சேறு படிகிறதா? மேலே சரிவு கரைந்துகொண்டிருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கத்துச் சிறு பள்ளிகளை மனதில் வைத்து இந்தச் செய்முறை. மண்வெட்டி பிடிப்பதையும் கன்று நடுவதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

சமவெளிக் கையேடுகள் சொல்லும் நீர் தேக்கும் குழிகளை நீலகிரிச் சரிவில் வெட்டாதீர்கள். உள்ளே இறங்கும் தண்ணீர் மண்ணின் எடையைக் கூட்டும், பிடிப்பைத் தளர்த்தும். 2009 நவம்பர் பெருமழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தண்ணீரைப் போகவிட்டு, மண்ணை மட்டும் வடிகட்டும் வெட்டிவேர்ப் புல்வரிசை போதும். தரையில் வெடிப்போ, புடைத்த தடுப்புச் சுவரோ தெரிந்தால் புல்லும் உதவாது. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், வருவாய்த் துறைக்கு எழுத்து மூலம் சொல்லுங்கள்.

முதலில் அளவு

புல் நடுவதற்கு முன்பே மண் எவ்வளவு கரைகிறது என்று அளந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். 6 மி.மீ. கம்பியை 30 செ.மீ. துண்டுகளாகப் பத்து வெட்டி, 5 செ.மீ. வெளியே நிற்கும்படி சரிவில் பரவலாக அடியுங்கள். கூர்முனை குத்தாமலிருக்க மேலே பழைய பேனா மூடி. பெரிய மழைக்குப் பிறகு ஒரு வாஷரைக் கம்பியில் கோத்துத் தரையில் வைத்து, அதிலிருந்து கம்பி நுனி வரை அளக்க வேண்டும். அளந்ததும் வாஷரை எடுத்துவிடுங்கள். அங்கேயே விட்டால் மழைத்துளி படாமல் அதன் அடியில் மட்டும் மண் மேடாக நின்று கணக்கைக் கெடுக்கும்.

பத்துக் கம்பியின் சராசரியை எடுங்கள். 100 சதுர மீட்டரில் தரை 1 மி.மீ. தாழ்ந்தால் (கம்பி அவ்வளவு கூடுதலாக வெளியே தெரியும்) 100 லிட்டர் மண் போயிருக்கிறது. எத்தனை சிமெண்ட் சட்டி என்று ஏழாம் வகுப்பு கணக்குப் போடட்டும்.

'ஏ' சட்டம்

புல்வரிசை சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போக வேண்டும். அந்த மட்டக் கோட்டைக் கண்டுபிடிக்க, ஆங்கில 'A' எழுத்து வடிவில் ஒரு சட்டம். ஏழடிக் கழி இரண்டு, நாலடிக் குறுக்குக் கழி ஒன்று. கால்களுக்கு நடுவே ஆறடி. குறுக்குக் கழி பாதி உயரத்தில். உச்சியிலிருந்து நூலில் எலுமிச்சை அளவு கல்லைக் குறுக்குக் கழிக்குக் கீழே தொங்கும்படி கட்டுங்கள். கழிகளைக் கட்டத் தேங்காய்நார்க் கயிறு வேண்டாம், நனைந்து காய்ந்தால் தளரும். சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி இறுக்கி, மேலே கட்டுக்கம்பி சுற்றினால் அசையாது. செல்போன் மட்டச் செயலி எனக்குப் பிடிக்காது. கல்லும் நூலும் ஏன் நேராக நிற்கின்றன என்று பிள்ளைகளுக்கே விளங்கும், போன் விளக்காது.

பலரும் சறுக்கும் இடம் அடுத்தது. குறுக்குக் கழியின் நடுவை அளந்து கோடு போட்டு, அதுதான் மட்டம் என்று நம்பிவிடுவார்கள். ஒரு கால் அரை அங்குலம் நீண்டிருந்தாலும் அது பொய். சரியான முறை இது:

1. ஓரிரு அங்குலம் ஏற்ற இறக்கமுள்ள தரையில் இரண்டு தட்டைக் கல் பதித்து, மேலே சாக்பீஸால் புள்ளி வையுங்கள். வெறும் மண்ணில் கால் புதையும்.
2. புள்ளிகளில் கால்களை நிறுத்தி, ஆட்டம் நின்றதும் நூல் படும் இடத்தைக் குறியுங்கள்.
3. சட்டத்தைத் திருப்பி, வலது காலை இடது புள்ளியிலும் இடது காலை வலது புள்ளியிலும் வைத்து மறுபடி குறியுங்கள்.
4. இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம்.

கழி கீழே விழுந்தாலோ கட்டு அசைந்தாலோ மறுபடி செய்யுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இனிச் சரிவின் ஓரத்தில் முளைக்குச்சி அடித்து, ஒரு காலை அங்கே ஊன்றி, மறுகாலை நூல் குறியில் நிற்கும்வரை மேலும் கீழும் நகர்த்துங்கள். அங்கே அடுத்த முளை. அந்தக் காலையே ஊன்றித் தொடருங்கள். மண்கட்டி மேலோ புல் தூர் மேலோ கால் பட்டால் முளை வரிசையில் திடீர்க் கோணல் வரும். அதை மட்டும் திருத்துங்கள். சரிவோடு வரும் இயல்பான வளைவை நேராக்கிவிடாதீர்கள்.

அடுத்த வரிசை எங்கே? எட்டாம் வகுப்புப் பிள்ளை முளையருகே நின்று மேட்டுப் பக்கம் திரும்பி, தலை நிமிராமல் கிடைமட்டமாகப் பார்க்கட்டும். பார்வை மண்ணில் படும் இடம்தான் அது.

நடவு

வெட்டிவேர்த் தூரை இரண்டு மூன்று கிளைகள் உள்ள நாற்றாகப் பிரித்து, தாளை 20 செ.மீ., வேரை 10 செ.மீ. விட்டு வெட்டுங்கள். இடைவெளி 15 செ.மீ., அதற்கு மேல் போகக் கூடாது. 20 மீட்டர் வரிசைக்கு 135 நாற்று, பட்டுப்போவதற்குச் சேர்த்து 150 வாங்குங்கள். ஒரு நாற்று விட்டுப்போனாலும் தண்ணீரெல்லாம் அந்த இடைவெளியில் பாய்ந்து புது ஓடை பிறக்கும். நட்ட மூன்றாவது வாரம் இடைவெளி நிரப்புவதுதான் பாதி வேலை.

கோத்தகிரி, குன்னூரில் ஜூலை, ஆகஸ்டு சாரலில் நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடிக்கும். கூடலூரில் ஜூனிலேயே பெருமழை, அதனால் மே மாதக் கோடைமழையில் நட வேண்டும். அப்போது பள்ளி விடுமுறை. பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோரிடம் ஏப்ரலிலேயே சொல்லி வையுங்கள்.

பின்சேர்க்கை: சில்வர் ஓக் மர நிழலில் வெட்டிவேர் நூல் மாதிரி மெலிகிறது என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வெயில் இல்லாமல் அது தேறாது. அந்தத் துண்டில் அதே முளைக்கோட்டில் ஓரடி உயரக் கல் வரப்பு அடுக்குங்கள், சிமெண்ட் பூசாமல். தடுப்புச் சுவரின் நீர்த் துளைகளை மண் அடைத்திருந்தால் மழைக்கு முன்பே கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.