கன்னிமாரா பிரபுவின் வாழ்க்கையை ஒரே சார்ட்டில் வரைவது எப்படி

வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் படிப்பகம் நடத்துகிறவர்கள் நவம்பர் 14-இல் தொடங்கும் நூலக வாரத்துக்குச் சார்ட் போடுவதென்றால், எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பெயர் தந்தவரையே எடுத்துக்கொள்ளலாம். பெயரைக் கேட்டதும் நமக்குக் கன்னிமார் சாமிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அது அயர்லாந்தின் மேற்கே கால்வே மாவட்டத்தில் உள்ள ஒரு வட்டாரம். ஆளின் சொந்தப் பெயர் ராபர்ட் போர்க்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் 56 × 71 செ.மீ. சார்ட் ஒன்று வாங்குங்கள். அவர் வாழ்ந்தது 1827 முதல் 1902 வரை, 75 ஆண்டு. ஆண்டுக்கு 8 மி.மீ. என்று வைத்தால் கோடு சரியாக 60 செ.மீ. வரும், இரு பக்கமும் ஓரம் மிஞ்சும். 30 செ.மீ. ஸ்கேலை இரண்டு தடவை வைத்து இழுத்தால் நடுவில் கோணிவிடும். நூலை இரு முனையிலும் பின் குத்தி இறுக்கி, அதன் ஓரமாகப் பென்சில் புள்ளிகள் வைத்து, பிறகு சேருங்கள்.

இடது முனையிலிருந்து அளந்து குறிக்க வேண்டியவை: 32.8 செ.மீ.யில் 1868, கிங்ஸ் லின் தொகுதி எம்.பி. ஆகிறார். 36-இல் 1872, அண்ணன் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது போர்ட் பிளேரில் குத்திக் கொல்லப்படுகிறார். 47.2-இல் 1886, சென்னை மாகாண ஆளுநர். 48-இல் 1887, கன்னிமாரா பிரபு பட்டம். 50.4-இல் 1890, பதவி முடிகிறது.

அந்த 48-ஆம் செ.மீ.தான் சார்ட்டின் உயிர். அதுவரை நீல மையிலும் அதன்பின் சிவப்பிலும் எழுதுங்கள். 1887-க்கு முந்தைய நாடாளுமன்றப் பதிவுகளில் 'கன்னிமாரா' என்று தேடினால் அவர் அகப்படமாட்டார், 'போர்க்' என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போதும் அண்ணன் மேயோ பிரபுவின் சொந்தப் பெயரான ரிச்சர்ட் போர்க்கோடு குழம்புகிறவர்கள் நிறைய. பிறப்பு அயர்லாந்தில் என்பதால் ஐரிஷ் தொகுதி எம்.பி. என்று எழுதிவிடுவதும் உண்டு. கிங்ஸ் லின் இருப்பது இங்கிலாந்தில்.

ஆளுநராக இருந்த நாலு ஆண்டுக்குக் கோட்டில் கிடைப்பது 3.2 செ.மீ. மட்டுமே. நமக்கு வேண்டிய சங்கதி எல்லாம் அதற்குள்தான். எனவே அந்தத் துண்டிலிருந்து இரண்டு சாய்கோடு கீழே இறக்கி, 20 செ.மீ. அகலப் பெட்டி போடுங்கள். கஞ்சாம் (இன்று ஒடிசாவில் உள்ள மாவட்டம்) பஞ்சம், 1890 மார்ச் 22-இல் நூலகத்துக்கு அவர் நாட்டிய அடிக்கல், இரண்டும் அதில் வரட்டும். நூலகம் திறந்தது 1896 டிசம்பர் 5, ஹேவ்லாக் ஆளுநராக இருந்தபோது. அதைப் பெட்டிக்கு வெளியே, 55.2-இல் எழுதுங்கள். 'கன்னிமாரா பிரபு திறந்துவைத்த நூலகம்' என்று எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

1890-இல் மனைவி சூசன் விவாகரத்து பெற்றார். அவர் டல்ஹௌசி பிரபுவின் மகள். இதை மறைக்க வேண்டாம், ஒரு வரி போதும். சென்னையிலுள்ள கன்னிமாரா ஓட்டலுக்குப் பெயர் வந்த கதை செவிவழிச் செய்தி, சார்ட்டில் வேண்டாம்.

தேதிகளைச் சரிபார்க்க வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்குங்கள். நூலகம் பாந்தியன் சாலையில், அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. மையில் எழுதும் முன்பே போய்வந்துவிடுங்கள், மார்க்கர் எழுத்தை அழிக்க முடியாது.

ராயபுரம், காசிமேடு பக்கம் கடற்காற்றில் சார்ட் இரண்டே நாளில் சுருண்டுகொள்ளும். மேலும் கீழும் மூங்கில் குச்சி வைத்து ஒட்டி, ஓர் இரவு காயவிட்டு மாட்டுங்கள்.