வீட்டிலேயே போர்டு கேமின் மாதிரி செய்வது: சீட்டு, பலகை, காய்

நீங்களே யோசித்த போர்டு கேமின் விதிகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறீர்களா? சரி, ஆடிப் பார்க்க ஒரு மாதிரி (prototype) செய்ய அது போதும். இரண்டு ஆட்டம் ஆடியதுமே பாதியை மாற்றப் போகிறீர்கள். அதனால் மாற்றுவதற்குச் சுலபமாகச் செய்யுங்கள், அழகு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சீட்டுகள். போக்கர் சீட்டின் அளவு 63 × 88 மி.மீ. ஒரு ஏ4 தாளில் மூன்றுக்கு மூன்றாக 9 சீட்டு அடங்கும். கெட்டித் தாளைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளில் அச்சிட்டு வெட்டி, பழைய சீட்டுக்கட்டின் சீட்டு ஒன்றோடு சேர்த்து பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் (சீட்டு அளவு உறை) செருகிவிடுங்கள். கலைக்க நன்றாக வழுக்கும். ஒரு சீட்டின் மதிப்பு சரிப்படவில்லை என்றால் தாளை மட்டும் உருவி மாற்றினால் முடிந்தது. முதல் சுற்றுக்கு அச்சுகூட வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். சீட்டுகள் நிறைய என்றால் விவரங்களை எக்செல்லில் போட்டு வைத்து, நான்டெக் என்ற இலவச மென்பொருளிடம் கொடுத்தால் அதுவே அடுக்கித் தரும்.

அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிட்டு 100% வையுங்கள். 97% ஆகச் சுருங்கினாலே 63 மி.மீ. சீட்டு 61 ஆகிவிடும். முதல் தாள் வந்ததுமே ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

வெட்டுவதற்கு ஸ்டீல் ஸ்கேல், நுனி உடைக்கிற கட்டர், கட்டிங் மேட். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டவே வேண்டாம். கட்டர் அதன் விளிம்பைச் சீவிவிடும், அப்புறம் எல்லா வெட்டும் கோணல்தான். 2 மி.மீ. அட்டையை ஒரே இழுப்பில் அறுக்கப் பார்க்காதீர்கள். முதல் இழுப்பு வெறும் கோடு, அடுத்தடுத்த இழுப்புகள் அதே தடத்தில் லேசாக. அழுத்த வேண்டியிருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். நுனியை உடைத்துவிடுங்கள்.

இப்போது பலகை. பைண்டிங் அட்டைமேல் அச்சிட்ட தாளை ஒட்டிவிட்டுப் படுத்தால், காலையில் அட்டை நான்கு மூலையும் தூக்கிக்கொண்டு நிற்கும். பசையில் இருக்கும் நீரைக் குடித்துத் தாள் விரிகிறது. காயும்போது சுருங்கி, அட்டையையும் தன் பக்கம் இழுக்கிறது. வெள்ளைப் பசையில் இது அதிகம், க்ளூ ஸ்டிக்கில் குறைவு. தீர்வு, பின்பக்கமும் அதே வகைத் தாளை, அதே பசையால், உடனே ஒட்டிவிடுவது. இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் அட்டை எந்தப் பக்கமும் சாயாது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: தாளுக்கு நார்வாக்கு, அதாவது நார்கள் ஓடும் திசை, இருக்கிறது. மெதுவாக வளைத்துப் பாருங்கள், ஒரு திசையில் எளிதாக வளையும், மற்றதில் முரண்டு பிடிக்கும். முன்தாளும் பின்தாளும் ஒரே வாக்கில் இருக்க வேண்டும். ஒட்டியதும் மேலே பட்டர் பேப்பர், அதன்மேல் கனமான புத்தகங்கள். ராத்திரி முழுக்க அப்படியே கிடக்கட்டும், நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள்.

காய்களுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். 8 அல்லது 10 மி.மீ. மரக்கட்டைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும், கிடைக்காவிட்டால் சட்டைப் பட்டன்கள். பகடையில் வேறு குறி வேண்டுமானால் 16 மி.மீ. பகடை ஒன்றின் முகங்களில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

பின்சேர்க்கை: பலகையை மடிக்க முடியாதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். முடியும். இரண்டாக வெட்டி, துண்டுகளை இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டேப் போடுங்கள். அச்சுப் பக்கம் உள்ளே மடங்க வேண்டுமானால் டேப்பும் அச்சுப் பக்கத்தில்தான் வர வேண்டும். பின்பக்கம் போடுவதாக இருந்தால் நடுவில் அட்டையின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 2 மி.மீ. அட்டைக்கு 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். விடாவிட்டால் மடிக்கும்போது டேப் பிய்ந்துவிடும்.