கடலுக்குப் போகிற பையன்களை வைத்து ஒரு கால்பந்து டீம்: ஆள் சேர்ப்பதும் செலவை அடக்குவதும்

பெயர்ப் பட்டியல் எழுதும் முன் காலண்டரை எடுத்து வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிற பையன்கள் முழுசாகக் கரையில் கிடைப்பது அப்போதுதான். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. வள்ளத்துக்குப் போகிறவன் மே மாதத்திலும் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான். பாக் விரிகுடாப் பக்கம் மற்ற மாதங்களில் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருப்பதால், இரண்டு தொழில்காரர்களும் கலந்த டீம் எந்த நாளிலும் பாதிதான் கூடும். திறமை போதாமல் தோற்ற டீமைவிட, ஆள் கூடாமல் ‘வாக் ஓவர்’ கொடுத்த டீம்தான் இந்த ராமநாதபுரம் கரையில் அதிகம்.

ஆகவே நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தொழிலை எழுதுங்கள்: விசைப்படகு, வள்ளம், கல்லூரி, கடை, வளைகுடா லீவு. பதினொருவர் ஆட்டத்துக்கு 20 பெயர், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸுக்கு 12 பெயர் வேண்டும். பதினொருவர் ஆட்டத்தில் 7 பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டமே தொடங்காது. முதல் வருஷம் செவன்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பூட்ஸ், ஜெர்சி, பஸ் டிக்கெட் எல்லாமே ஏறக்குறைய பாதியாகிவிடும்.

ஆள் தேட மைதானத்துக்கு மட்டும் போனால் போதாது. கோலியை வாலிபால் ஆடுகிற இடத்தில் தேடுங்கள். உயரப் பந்துக்குக் குதிக்கவும் கையை நேரத்துக்கு நீட்டவும் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், காலால் தள்ளிவிடுவதை மட்டும் பழக்கினால் சரி. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவர்களுக்கு மூச்சு இருக்கும். ஆனால் அந்த மூச்சை நம்பி உடனே விங்கில் (ஓரத்தில் ஓடி ஆடும் இடம்) விட்டால் பத்து நிமிஷத்தில் தொடை பிடித்துக்கொள்ளும். ஓட்டம் வேறு பழக்கம். காரைக்குடி அழகப்பா உடற்கல்விக் கல்லூரி மாதிரி இடங்களில் படிக்கிற நம் ஊர்ப் பையன்கள் லீவுக்கு எப்போது வருகிறார்கள் என்று மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த அண்ணன்களை அன்போடு சேர்த்துக்கொள்ளலாம், ஜெர்சிக்குப் பணம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். மாற்று ஆட்டக்காரர் வரிசைக்கு மேல் அவர்களை நம்பாதீர்கள்.

தேர்வுக்கு இரண்டு சாயங்காலம் போதும். 30 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டம் போட்டு ஐந்துக்கு ஐந்து, எட்டு நிமிஷ ஆட்டங்கள். பந்தோடு என்ன வித்தை காட்டுகிறான் என்பதை விட்டுவிட்டு, பந்தைப் பறிகொடுத்த அடுத்த மூன்று நொடியில் என்ன செய்கிறான் என்று பாருங்கள். இடுப்பில் கை வைத்து நின்றால் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி ஓடினால் அதையும். இரண்டாம் நாள் சொன்ன நேரத்துக்கு வந்தானா என்பதற்கும் ஒரு மதிப்பெண் உண்டு.

பணம் ஓட்டை விழுவது வெளியூர் ஆட்டக்காரரிடம். அரையிறுதி என்றதும் “மதுரையிலிருந்து மூணு பேரை இறக்கலாம்” என்று யாராவது கிளப்புவார்கள். படி, போக்குவரத்து, சாப்பாடு என்று அந்த மூவருக்கு ஆகிற பணத்தில் இன்னொரு தொடருக்கே பெயர் கொடுக்கலாம். அதைவிடக் கெட்டது, தினமும் பயிற்சிக்கு வந்த மூன்று பேர் வெளியே உட்காருவது. அடுத்த தொடருக்கு அவர்கள் வரமாட்டார்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் ஒருவர், அதிகபட்சம் இருவர்: ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்), கோலி. தொகையை முன்கூட்டியே பேசி வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிடுங்கள். பல தொடர்களில் வெளியூர் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, ஆதார் அட்டை கேட்பார்கள். நுழைவுக் கட்டணம் கட்டும் முன் விதித்தாளைப் படிக்காதவர்கள்தான் மைதானத்தில் புரொட்டஸ்ட் (ஆட்சேபம்) எழுதிக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

நாக் அவுட்டில் 16 டீம் என்றால் 15 ஆட்டம்; முதல் சுற்றோடு எட்டு டீம் வீட்டுக்கு. கோப்பைக்கு நான்கு வெற்றி தேவை. ஆகையால் பரிசுத் தொகையை வரவில் எழுதவே எழுதாதீர்கள், பூஜ்யம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே சுமார் 55 கிலோமீட்டர். ஆளுக்குப் பஸ் டிக்கெட் எடுத்தால் வேன் வாடகையைவிடக் குறையும். சரக்கு வண்டியில் ஏற்றிப் போகும் பழக்கம் வேண்டாம், சட்டமும் இடம் கொடுக்காது, விழுந்தால் காப்பீடும் கிடைக்காது.

பந்து விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எண் 5 பந்து, சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு இரண்டு. நம் மாவட்டத்தில் பந்தைக் கொல்வது சீமைக் கருவேல முள். கோட்டுக்கு வெளியே ஐந்து மீட்டர் வரை வாரத்துக்கு ஒரு முறை தென்னை விளக்குமாற்றால் கூட்டுங்கள். முள் ஏறிய பந்தை அப்படியே உதைத்து ஆடினால் முனை பிளாடரில் (உள்ளே காற்று நிற்கும் ரப்பர் பை) இரண்டு மூன்று இடத்தில் குத்தும். உடனே நிறுத்தி நேராகப் பிடுங்கினால் ஒரே ஓட்டைதான். மணலில் ஆடும்போது காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். கடற்கரைக் கால்பந்துக்கு 0.4 முதல் 0.6 பார் போதும், கட்டாந்தரைக்கு 0.6க்கு மேல். வரும் வழியில் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கேளுங்கள்: கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு 2024 முதல் ஊராட்சிகளுக்குத் தரப்பட்டது, பல இடங்களில் பெட்டி பிரிக்கப்படாமலே கிடக்கலாம்.

கோல் வலைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். இழுவை மடியின் (விசைப்படகு இழுத்துப் போகும் பை வலை) வாய்ப்பக்கத்துப் பழைய துண்டு கேட்டால் கிடைக்கும், கண்ணி பெரிதாக இருக்கும். அடிப்பகுதியின் சின்னக் கண்ணியைக் கட்டினால் மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றில் பாய் விரித்த மாதிரி கம்பம் சாயும். தங்கூசி (ஒற்றை நைலான் இழை) வலை வேண்டாம், விரலை அறுக்கும். கம்பத்துக்கு சாதா இரும்பு போட்டால் உப்புக் காற்று சீக்கிரமே அரித்துவிடும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் போடுங்கள்.

மணலில் பழகிய கால் கண்மாய்த் தரையில் இறங்கினால் முன்காலெலும்பு வலிக்கும். தொடருக்கு இரண்டு வாரம் முன்பே கட்டாந்தரைக்கு மாறிவிடுங்கள், புது பூட்ஸையும் அப்போதே போடச் சொல்லுங்கள். ஆட்டத்தன்று காலையில் புது பூட்ஸ் போட்டவன் இடைவேளைக்குள் கொப்புளத்தோடு உட்காருவான். ஸ்டட் ரப்பராக இருக்கட்டும். ஷின் கார்டு கட்டாயம். சுளுக்குக்கு ஐஸ் கம்பெனியில் ஒரு பாளம் வாங்கி உடைத்து, துணியில் சுற்றி 15 நிமிஷம் வையுங்கள். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் கணக்கு. செவன்ஸுக்கு ஆட்டத்துக்கு ஒரு 20 லிட்டர் கேன் தாராளம். லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. பதநீரை ஆட்டம் முடிந்தபின் குடிக்கலாம், வயிறு முட்டக் குடித்துவிட்டு ஓட முடியாது.

ஆட்ட முறை எளிது. சின்ன டீம் செவன்ஸில் 3-2-1 (பின்னால் மூவர், நடுவில் இருவர், முன்னால் ஒருவர்) நிற்கட்டும், கோல் விழாமல் டை பிரேக்கர் (பெனால்டி உதைகள்) வரை இழுப்பதில் வெட்கமில்லை. உதைப்பவர்கள் ஐவர் யார், எந்த வரிசை என்று முதல் நாளே தாளில் எழுதி, பயிற்சி முடிவில் கால் களைத்திருக்கும்போது ஆளுக்கு மூன்று உதைக்கவிடுங்கள். மைதானம் கிழக்கு மேற்காகக் கிடந்து, கச்சான் அடிக்கிற ஜூனில் சாயங்காலக் கடைசி ஆட்டம் உங்களுடையது என்றால், டாஸ் ஜெயித்ததும் கிழக்கே அடிக்கிற பக்கத்தைக் கேளுங்கள். காற்றும் வெயிலும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பக்கம் மாறும்போது பொழுது சாய்ந்து உங்கள் கோலிக்குக் கண் கூசாது.