மாலை வகுப்பில் படித்த பாடம் மனத்தில் நிற்கச் செய்வது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, ஒரு கோயில் மண்டபத்தில் வாரத்துக்கு இரண்டு மாலைகள் கணிதமும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் ஆண்டு முழுவதும் நானே வெண்பலகையின் முன் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் “புரியுது ஐயா” என்றார்கள். அது பொய்யில்லை, அந்த நேரத்தில் அவர்களுக்குப் புரியத்தான் செய்தது. ஆனால் அடுத்த வாரம் அதே கணக்கைக் கொடுத்தபோது, எங்கே தொடங்குவது என்றே பலருக்குத் தெரியவில்லை. இதுபோல் மண்டபத்திலோ வீட்டு ஐந்தடியிலோ (முன்தாழ்வாரத்திலோ) வகுப்பு நடத்தும் இளைஞர்களுக்கும், தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா அண்ணன்மாருக்கும் பயன்படும் என்று, நான் பிறகு மாற்றிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

மறதி மிக வேகமாக வருகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே, பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, அளந்து காட்டினார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் படித்தபோது, முதல் முறை ஆன உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. இதற்கு மருந்து திரும்பத் திரும்ப வாசிப்பது என்றே நாம் நினைக்கிறோம். அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறு ஒன்றைச் சொல்கிறது. ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை வாசித்த மாணவர்கள், ஐந்து நிமிடம் கழித்து 83 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒரு முறை வாசித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 விழுக்காட்டைத்தான் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழானது: வாசித்தவர்களிடம் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61 விழுக்காடு. நினைவிலிருந்து வெளியே எடுக்கும் முயற்சியே நினைவை உறுதியாக்குகிறது என்பதால், என் வகுப்பின் அமைப்பையே இதன்மேல் கட்டியிருக்கிறேன்.

பிள்ளைகள் வந்து அமர்ந்ததும் புத்தகத்தைத் திறக்க விடாதீர்கள். ஆளுக்கு ஒரு வெற்றுத்தாளைக் கொடுத்து ஆறு கேள்விகள் கேளுங்கள்: மூன்று சென்ற வகுப்பிலிருந்து, இரண்டு சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்திலிருந்து. எழுதி முடித்ததும் அவர்களே நோட்டைப் பார்த்துத் திருத்தட்டும். புள்ளி போட வேண்டாம், யார் எத்தனை சரி என்று உரக்கக் கேட்கவும் வேண்டாம். புள்ளி வந்துவிட்டால் பின்வரிசைப் பிள்ளை பக்கத்துத் தாளைப் பார்க்கத் தொடங்கிவிடும். அதன் பிறகு இந்தப் பத்து நிமிடத்தால் எந்தப் பயனும் இல்லை. பழைய பாடத்திலிருந்து கேட்கும் அந்த ஒரு கேள்விக்குப் பிள்ளைகள் திணறுவார்கள். மறக்கத் தொடங்கிய வேளையில் திணறி எடுத்ததுதான் நெடுநாள் தங்குகிறது; ஆகவே அந்தத் திணறலைக் கண்டு இரங்கி உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

வாய்மொழியாகக் கேட்கும்போதும் பொறுமை வேண்டும். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக நீட்டினாலே விடைகள் நீளமாகவும் சிந்தித்துச் சொன்னவையாகவும் மாறுகின்றன என்றும் அமெரிக்கக் கல்வியாய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் கண்டறிந்தார். நான் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் ஒரு பெயரைச் சொல்லி அழைக்கிறேன்.

தவறான விடையை எப்படிக் கையாள்வது என்பதுதான் ஆசிரியர் தொழிலின் நடுநாயகம் என்பது என் கருத்து. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தாள். மேலுள்ளதை மேலுள்ளதோடும் கீழுள்ளதைக் கீழுள்ளதோடும் கூட்டியிருக்கிறாள். அது கவனக்குறைவு அன்று, ஒரு முறையான எண்ணம். சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டுச் சரியான வழியை எழுதிக் கொடுத்திருந்தால் அந்த எண்ணம் அப்படியே உள்ளே இருந்திருக்கும். ஒரே நீளமுள்ள இரண்டு காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றை இரண்டாகவும் மற்றொன்றை ஐந்தாகவும் மடிக்கச் சொன்னேன். பாதியையும் ஐந்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அரைக்கு மேல இன்னும் கொஞ்சம் போட்டா கூடத்தானே செய்யணும், ஐயா? இது அரையை விடக் குறைஞ்சு போச்சே” என்றாள். ஆறில் மூன்றும் ஆறில் இரண்டும் சேர்ந்து ஆறில் ஐந்து என்பதைச் சொல்லிக்கொடுக்க அதற்குப் பிறகு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

புதுப் பாடத்தைச் சிறு சிறு கவளமாகக் கொடுங்கள். ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு புதிய செய்திகளைத்தான் மனம் தாங்கிப்பிடிக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். முழுதாகச் செய்து காட்டிய கணக்கு ஒன்று, கடைசிப் படியை மட்டும் விட்டுவைத்த கணக்கு ஒன்று, பாதியை விட்டுவைத்த கணக்கு ஒன்று, பிறகு தாமாகச் செய்யும் கணக்கு என்ற வரிசை தொடக்க நிலையினருக்குப் பெரிதும் உதவுகிறது. கண்ணால் கற்கும் பிள்ளை, காதால் கற்கும் பிள்ளை என்று பிரிப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை.

பயிற்சிக் கணக்குகளைக் கலந்து கொடுங்கள். உளவியலாளர்கள் ரோரர், டெய்லர் ஆகியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தும், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் 20 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். கலந்து செய்தவர்கள் பயிற்சியில் 60 பெற்றுத் தேர்வில் 63 பெற்றார்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதும் கற்க வேண்டிய திறன்தானே!

திருத்தம் சுடச்சுட இருக்க வேண்டும். என் தாயார் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். வெட்டு ஆழம் குறைந்தால் பால் சரியாக வடியாது. மிகுந்தால் கத்தி மரத்தில் பட்டுக் காயமாகி, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அவர் வெட்டப் பழகிய நாள்களில் பெரியம்மா அதே நிரையில் நின்று, கத்தி பட்டையில் இருக்கும்போதே கையைப் பிடித்துச் சாய்வை மாற்றுவாராம். ஒரு வாரம் கழித்து நோட்டுக் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன். முடிந்தவரை பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் குனிந்து பார்த்து, ஒரே ஒரு பிழையை மட்டும் சுட்டிக்காட்டுங்கள்.

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர் 2021இல் நிறுத்தப்பட்ட பிறகு, பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியவில்லை என்று பெற்றோர் பலர் என்னிடம் கவலைப்படுகிறார்கள். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சாப்பிடும்போது, “இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது கேட்கும்போதே தெரிந்துவிடும்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. தமிழில் பின்னம் என்று படித்தவர்கள் இடைநிலைப்பள்ளியில் முதல் நாளே அதற்கான மலாய்ச் சொல்லான பெச்சஹான் என்பதைச் சந்திக்கிறார்கள். கணக்குத் தெரிந்த பிள்ளைகூட டாரப் (பெருக்கல்), பஹாகி (வகுத்தல்) என்ற சொற்களில் தயங்கித் தனக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில், வகுப்புத் தொடக்கத்தில் கேட்கும் ஆறு கேள்விகளில் இரண்டை மலாயில் கேட்டு, செய்த வழியைத் தமிழில் விளக்கச் சொல்கிறேன்; அடுத்த வாரம் அதே இரண்டைத் தமிழில் கேட்டு, மலாயில் விளக்கச் சொல்கிறேன்.