வங்காளக் குடும்பத்தின் தந்தைவழியை ஒய் டிஎன்ஏ கொண்டு தேடும் முறை

ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். தேடுபவர் பெண் என்றால் அப்பா, அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா, அவர்களுடைய மகன்கள் இவர்களில் ஒருவர் டிஎன்ஏ மாதிரி தர வேண்டும். தாய்மாமனோ அத்தை மகனோ உதவ மாட்டார்கள். மாதிரி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடும் தேநீரும் வேண்டாம்.

பூர்வீகத்தைச் சதவீதமாகப் பிரித்துக் காட்டும் சோதனை இதற்குப் போதாது. முதலில் 37 மார்க்கர் ஒய் சோதனை: ஒய் குரோமோசோமில் 37 இடங்களை மட்டும் பார்ப்பது. அதில் ஹாப்லோகுழு, அதாவது ஒரே பழைய தந்தைவழி மூதாதையிடமிருந்து வந்தவர்களின் பெருங்கிளை, கணிப்பாகவே வரும். உட்கிளை வேண்டுமென்றால் ஒய் குரோமோசோமை விரிவாகப் படிக்கும் பிக் ஒய்-700 சோதனை செய்ய வேண்டும். இதைக் குடும்பத்தில் ஒருவர் செய்தால் போதும்.

வங்காளத்தில் ஆர்1ஏ, ஆர்2, எச், ஜே2, எல், ஓ-எம்95 ஆகிய ஹாப்லோகுழுக்கள் எல்லாம் உண்டு. ஆர்1ஏ என்றால் பெரும்பாலும் இசட்93 கிளை, அதற்குள் எல்657. எல்657-இன் பொது மூதாதை வாழ்ந்தது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன். அதனால் அந்த எழுத்தை வைத்துச் சாதியோ மதமோ சொல்லவே முடியாது.

ஹாப்லோகுழுக்களின் பெயர்க் குழப்பத்தில் பலர் வழி தவறுகிறார்கள். சந்தால், முண்டா மக்களிடம் மிகுதியாக உள்ள ஓ-எம்95, பழைய ஆய்வுகளில் ஓ2ஏ என்ற பெயரில் இருக்கும். இன்று அது ஓ1பி-யின் கீழ் இருக்கிறது. இன்றைய ஓ2 வேறு: எம்122, திபெத்திய-பர்மிய மொழி பேசுவோரிடம் மிகுதி. எனவே எம்95, எல்657 என்று மரபுமாற்றத்தின் பெயரையே குறித்து வையுங்கள்.

குடும்பப் பெயரையும் நம்பாதீர்கள். மஜும்தார், சர்க்கார், சவுத்ரி எல்லாம் பதவியோடு ஒட்டிவந்த பட்டங்கள். இந்துக்களிடமும் முஸ்லிம்களிடமும் இருக்கின்றன. நில ஆவணம் உறுதியானது. 1888-இல் தொடங்கிய சி.எஸ். சர்வே என்ற நில அளவையின் கத்தியானில் (நில உரிமைப் பதிவில்) உரிமையாளர் பெயரோடு அவர் தந்தை பெயரும் இருக்கும். 1947-க்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பம் என்றால், ஊர்ப் பெயர் மட்டும் போதாது. மௌஜா (வருவாய்க் கிராமம்), தானா (காவல் நிலைய எல்லை), ஜில்லா (மாவட்டம்) மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு அந்த மாவட்டத்தின் ஆவண அறையில் தேட வேண்டும். கயாவில் பிண்டம் வைத்த குடும்பமானால் அங்குள்ள பண்டாக்கள் என்ற பரம்பரைப் புரோகிதர்களின் ஏடுகளையும் பாருங்கள்.

பிறகு ஆவணங்களில் கிடைத்த கொடிவழியை டிஎன்ஏ கொண்டு சோதியுங்கள். ஒரே எள்ளுத்தாத்தாவின் வெவ்வேறு மகன்கள் வழி வந்த இரண்டு பங்காளிகளுக்கு 37 மார்க்கர் எடுங்கள். இருவரின் மார்க்கர் எண்களுக்கு இடையே வித்தியாசம் 3-க்குள் இருந்தால் கொடிவழி நிற்கிறது. ஹாப்லோகுழுவே வேறானால் இடையில் தத்து, பிறப்பு ரகசியம் அல்லது தவறான நினைவு. இப்படியும் வரலாம் என்று மாதிரி வாங்கும் முன்பே இருவரிடமும் சொல்லிவிடுங்கள். எந்தக் கிளையில் முறிந்தது என்பதை மூன்றாவது மகன் வழிப் பங்காளியின் மாதிரி காட்டும்.