செட்டிநாட்டுச் செம்மறி மந்தைக்குப் பொலிகிடா: தேர்வு, சேர்க்கை, மேய்ச்சல்

ஊட்டிப் பக்கம் புல்மேட்டில் மேயும் நீலகிரி ஆட்டைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பொலிகிடாவை (இனச்சேர்க்கைக்கு விடும் ஆண் ஆட்டை) வாங்கி வந்து நம் மந்தையில் விட்டால் என்ன என்று தோன்றும். இரட்டைக் குட்டி ஆசைதான். அந்த இனத்தில் சில ஆடுகளிடம் ஃபெக்-பி என்ற மரபணு மாற்றம் இருப்பது உண்மை. அப்பனிடமோ தாயிடமோ இருந்து ஒன்று வந்தாலே போதும், பெட்டை ஒரு பருவத்தில் விடும் கருமுட்டைகள் கூடும். ஆனால் அந்தக் கிடா கம்பளியையும் சேர்த்தே கொண்டுவரும். 2,000 மீட்டருக்கு மேல் குளிருக்குப் பழகிய உடம்பு காரைக்குடி, தேவகோட்டைச் செம்மண் பொட்டலில் சித்திரை வெயிலுக்கு இரைத்துக்கொண்டு நிற்கும். ஊசிப்புல் விதை கம்பளியில் சிக்கித் தோலைக் குத்தும். நீலநாக்கு நோயிலும் கம்பளி இனங்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

இந்தச் சீமைக்கு ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் இரண்டும் போதும். கம்பளி இல்லாத, வெயில் தாங்கும் கறி இனங்கள்.

கிடாவைச் சந்தையில் கொம்பும் நிறமும் பார்த்து எடுக்க வேண்டாம். பிறந்த எடையும் ஏறக்குறைய மூன்று மாத எடையும் எழுதி வைத்திருக்கும் மந்தையில் எடுப்பது நல்லது. எல்லாக் குட்டியையும் 90 நாளுக்குச் சமப்படுத்திப் பாருங்கள். பிறந்தபோது 2.5 கிலோ, 80ஆம் நாள் 11.3 கிலோ என்றால், ஏறியது 8.8 கிலோ, நாளுக்கு 110 கிராம். அதை 90ஆல் பெருக்கிப் பிறந்த எடையைக் கூட்டினால் 12.4 கிலோ. ஒற்றைக் குட்டியை ஒற்றையோடும் இரட்டையை இரட்டையோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும். தாய்ப்பால் முழுவதையும் தனியே குடித்த குட்டி பெரிதாக இருப்பதில் அப்பனின் பெருமை ஒன்றும் இல்லை. எடை ஓரளவு பிள்ளைகளுக்கு இறங்கும். ஃபெக்-பி போன்ற பெரிய மரபணு இல்லாத மந்தையில், இரட்டை போடும் குணம் மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும்.

பிறகு உடம்பு. வாயைத் திறந்து பாருங்கள்: கீழ்த்தாடை குட்டையாக இருந்தால் கழித்துவிடுங்கள். விதைப்பையைக் கையில் பிடித்துப் பாருங்கள்: இரண்டும் ஒரே அளவில், கட்டியில்லாமல், அழுத்தினால் விறைப்பாக இருக்க வேண்டும். ஒற்றை விதை உள்ள கிடா எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், அந்தக் குறை மகன்களுக்கும் போகும். ஒரே வயதுக் கிடாக்களில், தையல் டேப்பால் அளந்து, விதைப்பைச் சுற்றளவு கூடியதை எடுங்கள். அதன் பெட்டைக் குட்டிகளும் பொதுவாகச் சீக்கிரம் பருவத்துக்கு வரும்.

மந்தை கெடுவதற்கு முக்கியக் காரணம் உறவுக்குள் சேர்க்கை. அப்பனும் மகளும் சேர்ந்தால் பிறக்கும் குட்டியில் உறவு நெருக்கம் (அப்பன் வழியும் தாய் வழியும் ஒரே மூதாதையின் மரபணுவே வந்து சேரும் வாய்ப்பு) 25 சதவீதம். 50 பெட்டைக்கு ஒரே கிடா, வாரிசும் அதன் மகனே என்று ஓட்டினால் தலைமுறைக்கு 12.75 சதவீதம் ஏறும். இரண்டு கிடா என்றால் 6.5, நான்கு என்றால் 3.4. குட்டி எடை குறைவது, பிறந்த வாரத்தில் சாவது, பெட்டை சினை நிற்காமல் போவது எல்லாம் இதன் கைவரிசைதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிடாவை மாற்றுங்கள், மகள்கள் பருவத்துக்கு வருமுன் அப்பன் வெளியேறிவிட வேண்டும். பக்கத்து ஊரில் மாற்றும்போது விசாரியுங்கள்: அவர் தருவது போன தடவை நீங்கள் கொடுத்த கிடாவின் மகனாகவே இருக்கலாம்.

சேர்க்கைக்கு ஆடி மாதம் வாகானது. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். ஆடியில் சேர்ந்தது மார்கழியில் ஈனும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்திருக்கும், புல் நிற்கும். ஒரு சிக்கல்: கடும் வெயிலில் பட்ட கிடாவுக்கும் காய்ச்சல் கண்ட கிடாவுக்கும் விந்து தேற இரண்டு மாதம் ஆகும். ஆகவே வைகாசி தொடங்கியதும் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை மர நிழலும் தண்ணீரும் கிடாவுக்குக் கட்டாயம். நீலநாக்குத் தடுப்பூசியையும் கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் சேர்க்கைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

சேர்க்கைக்கு மூன்று வாரம் முன்பிருந்து பெட்டைக்கு நாளுக்கு 200 கிராம், கிடாவுக்கு 300 கிராம் அடர்தீவனம். 10 கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு 5 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2.5 கிலோ, தவிடு 2.2 கிலோ, தாது உப்பு 200 கிராம், சாதா உப்பு 100 கிராம். முதல் நாளே முழு அளவு வைத்தால் வயிறு புளித்துக் கழியும், 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். சீமைக்கருவேல நெற்று கொடுப்பதானால் காயவைத்து விதையும் உடையும்படி இடித்துக் கொடுங்கள். முழு விதை புழுக்கையோடு வெளியே வந்து முளைக்கும். கிடை போட்ட வயலில் அடுத்த மழைக்கு முள் முளைத்தால் வயல்காரர் மந்தை ஓட்டிவந்த கீதாரியைத்தான் கேட்பார்.

30 பெட்டைக்கு ஒரு கிடா. முதல் முறை சேரும், இரண்டு பல் முளைத்த இளங்கிடாவுக்கு 15 போதும். கிடாவின் நெஞ்சில் மஞ்சள் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை மறுபூச்சு. ஏறிய பெட்டையின் பின்புறத்தில் நிறம் ஒட்டும். பெட்டை 17 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அதனால் 17 நாள் கழித்துச் செங்காவிக்கு மாறுங்கள், அடுத்த 17 நாளுக்குக் கரி. மஞ்சள் பட்டவற்றில் பெரும்பாலானவற்றில் சிவப்பும் ஏறினால் கிடா ஏறுகிறதே தவிரச் சினை நிற்கவில்லை, உடனே மாற்றுக் கிடாவை விடுங்கள். ஒன்றிரண்டு பெட்டைகளில் மட்டும் மூன்று நிறமும் ஏறியிருந்தால் குறை அந்தப் பெட்டைகளில். பெயின்ட் வேண்டாம், தோல் புண்ணாகும்.

மேய்ச்சலில் கவனம் கண்மாய் உள்வாயில். தண்ணீர் வடிந்த ஈரத்தில் பச்சை தெரியும், நத்தையும் இருக்கும், தட்டைப்புழு அங்கிருந்துதான் ஏறும். உருண்டைப்புழுவின் இளம்புழுக்களோ பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறி நிற்கும். மார்கழி, தையில் பனி காய்ந்த பிறகே மந்தையை அவிழ்த்துவிடுங்கள். மாதம் இருமுறை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், புழு ரத்தத்தை உறிஞ்சினால் உள்புறம் வெளுக்கும். சிவப்பாக இருந்தால் புழு மருந்து வேண்டாம், வெளுத்தவற்றுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சும். அடிக்கடி வெளுக்கும் பெட்டையின் காதில் ஒரு குறி வையுங்கள், அதன் ஆண்குட்டி எவ்வளவு வளர்ந்தாலும் கறிக்குத்தான், பொலிக்கு அல்ல. புழுவைத் தாங்கும் தெம்பும் ஓரளவு பிள்ளைகளுக்கு இறங்கும் குணமே.